போல்ட்டு மாதிரி ஒரு டப்பா: ஜியோகேஷிங்கில் மாறுவேடம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

(எபிசோடின் ஒலிப்பதிவை, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தந்திருக்கிறோம்.)

ஒரு காட்சியை மனசுல நினைச்சுக்கோங்க. ஆற்றுக்கு மேல ஒரு பழைய இரும்புப் பாலம். கைப்பிடிக் கம்பியில் வரிசையா பன்னிரண்டு போல்ட்டு. எல்லாத்துக்கும் ஒரே துரு, ஒரே பெயிண்ட். ஆனா அதுல ஒண்ணு எதையும் பிடிச்சுக்கிட்டு இல்லை. காந்தத்துல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு. கையில எடுத்துத் திருகினா உள்ளே சுருட்டி வைத்த ஒரு சின்னத் தாள். அதில் இதற்கு முன் அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களும் தேதிகளும்.

தினமும் அந்தப் பாலத்தில் நடந்து போகிறவருக்கு அது தெரியாது. தேடி வந்தவருக்கு மட்டும் தெரியும். இந்த விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேஷிங். அந்த டப்பாக்கு ஜியோகேஷ், சுருக்கமா கேஷ். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த டப்பாவின் மாறுவேடத்தைப் பற்றி. ஒரு டப்பாவைக் கல் மாதிரி, குருவிக்கூடு மாதிரி, போல்ட்டு மாதிரி செய்ய ஆட்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து உழைக்கிறார்கள். தேடுகிறவர்கள் அதற்காகவே பல மைல் பயணம் போகிறார்கள். அப்படி அதுல என்ன இருக்கு? இதுக்கான பதிலை நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதைகளை வைத்தே பார்க்கலாம்.

விளையாட்டு எப்படித் தொடங்கியது?

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. பொதுமக்களுக்குக் கிடைக்கிற சிக்னலில் அவர்கள் வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதனால் கருவி காட்டுகிற இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். ஒரே இரவில் உலகத்தில் இருக்கிற எல்லா ஜி.பி.எஸ். கருவிகளும் ஏறக்குறைய பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன.

மே 3-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில், டேவ் உல்மர் என்பவர் ஒரு கருப்பு பிளாஸ்டிக் வாளியைக் காட்டில் வைத்தார். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, கவண், ஒரு டின் பீன்ஸ், இன்னும் சில பொருட்கள். கண்டுபிடிப்பவர் எதையாவது எடுத்துக்கொண்டு எதையாவது வைக்க வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும். சில நாட்களிலேயே ஆட்கள் போய்க் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கேஷ்கள் இருக்கின்றன. தனிக் கருவி வேண்டாம், போனே போதும்.

அந்த முதல் டப்பா வெறும் வாளிதான், வேஷம் எதுவும் கிடையாது. அப்போது ஆச்சரியமே அந்த எண்கள்தான். நாலைந்து எண்களை வைத்துக்கொண்டு பூமியில் ஒரு வாளியைப் பிடித்துவிட முடிகிறதே என்பதுதான் அதிசயம். அந்த அதிசயம் பழகிப்போன பிறகுதான் மாறுவேடம் பெரிதாக வளர்ந்தது.

கடைசி 2 சென்ட்

ஏன்னு கேட்டா, இதுல ஒரு கணக்கு இருக்கு. திறந்தவெளியில் ஒரு சாதாரண போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் வரை தப்பலாம். 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் கிட்டத்தட்ட 78 சதுர மீட்டர் வரும். நம்ம ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 2 சென்ட் நிலம். தென்னந்தோப்புக்குள் போனால் அது இன்னும் கூடும்.

அதாவது செயற்கைக்கோள் உங்களை 2 சென்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இனி உன் பாடு"ன்னு போயிடும். அங்கிருந்து கண்ணும் மூளையும்தான். மாறுவேடம் என்பது இந்தக் கடைசி 2 சென்ட்டில் நடக்கிற விளையாட்டு. தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த இடம் மனுஷனுக்கு மனுஷன் என்றே இருக்கிறது. வைத்தவர் ஒரு பக்கம், தேடுகிறவர் இன்னொரு பக்கம்.

ஒளிப்பதில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அளவைக் குறைப்பது. விரல்நுனி அளவே இருக்கிற காந்த டப்பாக்கள் இருக்கின்றன. இரண்டாவது, மூடி மறைப்பது, இலைக்குள், மரப்பொந்துக்குள். மூன்றாவதுதான் நம்ம விஷயம். மூடவே மூடாமல், அந்த இடத்தில் இருக்க வேண்டிய இன்னொரு பொருளாக டப்பாவை மாற்றிவிடுவது. முதல் வகையில் தோற்றால் எரிச்சல் வரும். இவ்வளவு சின்னதை எப்படிப் பார்ப்பது என்று திட்டத் தோன்றும். மூன்றாவது வகையில் தோற்றுவிட்டு, பிறகு கண்டுபிடித்தால் சிரிப்புதான் வரும். "இது மேல கையை வச்சுக்கிட்டுதானே இவ்வளவு நேரம் நின்னேன்!"

மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளில் ஒன்று. தோண்டித்தான் எடுக்க முடியும் என்கிற மாதிரியும் வைக்கக் கூடாது. மாறுவேடக் கலை வளர்ந்ததில் இந்த விதிக்கும் பங்கு உண்டு. புதைக்க வழியில்லாதபோது கண் முன்னாலேயே வைக்கத்தானே வேண்டும்?

கண் பார்க்கிறது, மனசு தாண்டிப் போகிறது

1999-ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வீடியோவில் சிலர் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை போட்டார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நடந்து வந்து, மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தக் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. படம் கண்ணில் விழுந்தது, மனசு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நாம எல்லாரும் அப்படித்தான். பாலத்தில் போல்ட்டு இருக்கும் என்று மூளை எப்போதோ முடிவு கட்டிவிட்டது. அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் பார்ப்பதில்லை, "போல்ட்டு"ன்னு ஒரு சீட்டு ஒட்டிவிட்டுத் தாண்டிப் போகிறோம். நல்ல மாறுவேடம் அந்தச் சீட்டுக்குக் கீழேதான் ஒளிந்துகொள்கிறது.

இதைக் கல்லிலேயே செய்து காட்டிய ஒரு இடம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே ஒரு சிறிய புடைப்புச் சிற்பத்தில் காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். காளையின் உடலை மறைத்தால் யானை. ஒரு மிருகத்தின் கொம்பு என்று நாம் நினைத்ததுதான் இன்னொன்றின் தந்தம். சிற்பி எதையும் மூடவில்லை. எல்லாமே வெளியில்தான் இருக்கிறது. ஒன்றைப் பார்க்க முடிவு செய்த நொடியில் இன்னொன்று மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். குழந்தைகளிடம் காட்டினால் கண்டுபிடித்ததும் துள்ளுவார்கள். மாறுவேட டப்பாவைக் கண்டுபிடிக்கிறவருக்குக் கிடைப்பதும் அதே துள்ளல்தான். புதிதாக ஒரு பொருள் கிடைத்ததால் வருவது இல்லை அது. பழைய பொருள் ஒன்று கண்ணெதிரே வேறாக மாறியதால் வருவது.

தேடுகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

அனுபவசாலிகள் டப்பாவைத் தேடுவதில்லை, உறுத்துகிற ஒன்றைத் தேடுகிறார்கள். வேலையே இல்லாத ஒரு போல்ட்டு. எங்கேயும் போகாத ஒரு குழாய். சுற்றி எல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, ஒன்று மட்டும் வெளுக்காமல் இருப்பது. "இது எதுக்கு இங்கே இருக்கு?" என்ற ஒரே கேள்விதான் அவர்களுடைய கருவி.

இந்தக் கேள்வியின் பலனுக்குப் பெரிய கோயிலிலேயே ஒரு சாட்சி உண்டு. 1010-ல் கட்டி முடிக்கப்பட்ட கோயில் அது. கருவறையைச் சுற்றி ஒரு இருண்ட சுற்றுப்பாதை. சுவரில் நாயக்கர் காலத்து ஓவியங்கள். ஓவியம் இருக்கிற சுவர் என்று முடிவு கட்டிய பிறகு அதன் உள்ளே என்ன என்று யார் கேட்பார்கள்? 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்தப் பாதைக்குள் போய்ப் பார்த்தார். மேல் பூச்சு உதிர்ந்த இடங்களில், அடியில் வேறு ஒரு கோடு, வேறு ஒரு நிறம். நாயக்கர் ஓவியத்துக்குக் கீழே சோழர் காலத்து ஓவியம் இருந்தது. சுந்தரர் கதையும் திரிபுராந்தகரும் பல நூற்றாண்டுகளாக இன்னொரு ஓவியத்துக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார்கள்.

வேஷம் போட்டு ஏமாற்றினால்?

இதுவரைக்கும் மாறுவேடத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தோம். இதே கலையை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். அதற்கும் நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு.

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரம் என்ற கிராமம். 1951-ல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது ஒரு நடராஜர் உட்படச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ஊர்க் கோயிலிலேயே வழிபாட்டுக்கு வைத்தார்கள். 1950-களின் நடுவில் பழுதுபார்க்க என்று நடராஜரை வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்தது ஒரு நகல். அசல் கைமாறிப் போய்விட்டது. அந்த நகலுக்குத்தான் பூசை நடந்தது. 1965-ல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பேரட், சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிய தன் புத்தகத்தில், கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுதினார். 1973-ல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அசலை வாங்கினார். வழக்கும் பேச்சுவார்த்தையும் நடந்து, 1986-ல்தான் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்.

அத்தனை பேர் கும்பிட்ட இடத்தில் எப்படி யாருக்கும் தெரியாமல் போனது? ஊர்க்காரர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் யோசிச்சுப் பாருங்க. கோயிலில் நாம் திருமேனியைப் பட்டும் மாலையும் அலங்காரமுமாகத்தான் பார்க்கிறோம், அதுவும் தள்ளி நின்று, விளக்கு வெளிச்சத்தில். நடராஜர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நடராஜர் நின்றார். சீட்டு ஒட்டியாகிவிட்டது. பாலத்துப் போல்ட்டுக்கும் இதற்கும் வேலை செய்கிற சூத்திரம் ஒன்றேதான்.

அப்படின்னா வித்தியாசம் எங்கே இருக்கு? ஒப்பந்தத்தில். கேஷ் வைக்கிறவர் தேடுகிறவருக்கு மூன்று உறுதி கொடுக்கிறார். ஒன்று, இடம் இதுதான், எண்களைத் தருகிறேன். இரண்டு, இது எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுச் சொல்கிறேன். மூன்று, நீ கண்டுபிடித்தால் உன் பெயரை எழுத உள்ளே தாள் இருக்கிறது. ஒளித்து வைத்ததே கண்டுபிடிக்கப்படத்தான். சிவபுரத்து நகலைச் செய்தவர்களின் ஒரே விருப்பம், யாரும் எப்போதும் கண்டுபிடிக்கக் கூடாது என்பது. கைவேலை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று நம்மைக் கூர்ந்து பார்க்கச் சொல்கிறது. இன்னொன்று நாம் கூர்ந்து பார்க்காததை வைத்துப் பிழைக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றும் இருக்கு. கண்டுபிடிக்கத்தான் ஒளித்தார்கள், ஆனால் இடத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. ஆபத்தான காலங்களில் திருமேனிகளை மண்ணுக்குள் வைத்துக் காப்பது கோயில்களின் வழக்கம். ஆபத்து நீங்கினால் எடுத்து மறுபடி பூசையில் வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இடம் தெரிந்தவர்களோடு அந்தத் தகவலும் போய்விட்டால், மண்வெட்டி தற்செயலாகப் பட்டால்தான் உண்டு. திருவெண்காட்டுத் திருமேனிகள் 1950-களின் தொடக்கத்தில் அப்படித்தான் வெளிவந்தன. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இன்று நாம் பார்க்கிற ரிஷபவாகன தேவர் அவற்றில் ஒருவர். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில், குடமுழுக்கு யாகசாலைக்காக மண் எடுத்தபோது, 20-க்கும் மேற்பட்ட திருமேனிகளும் தேவாரப் பாடல்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. ஜியோகேஷிங்கில் அந்த எண்களுக்கு என்ன மதிப்பு என்பது இங்கேதான் புரிகிறது. எண்கள் இருந்தால் ஒளித்தது விளையாட்டு. இல்லாவிட்டால் அது தொலைந்துபோனது.

இதோட ஒரு சட்ட விஷயமும் சொல்லிடணும். மண்ணில் தற்செயலாக ஏதாவது பழம்பொருள் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டு எதையாவது வைத்துவிட்டுப் போகிற விதியெல்லாம் கிடையாது!

டெல்டாவில் வைப்பதாக இருந்தால்

உலகத்தில் அதிகம் செய்கிற மாறுவேடங்களில் ஒன்று போலிக் கல். நடுவில் குடைந்த கல், அதற்குள் டப்பா. நம்ம டெல்டாவில் அது எடுபடாது. இது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். களிமண்ணும் மணலும்தான். வரப்பில் ஒரு கருங்கல் கிடந்தாலே, "இது எங்கிருந்து வந்துச்சு?"ன்னு விவசாயி நின்று பார்ப்பார். பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் வேஷம் முதல் நாளே கலைந்துவிடும்.

சரி, இங்கே உறுத்தாமல் இருப்பது எது? தேங்காய் மட்டை, பனங்கொட்டை, செங்கல் துண்டு, மூங்கில் கணு. இதிலும் யோசிக்கணும். தேங்காய் மட்டையையும் பனங்கொட்டையையும் யாராவது அடுப்புக்கு எடுத்துப் போய்விடுவார்கள். செங்கல் துண்டு நல்ல யோசனைதான், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பே தண்ணீருக்குள் இருக்கும். மூங்கில் புதரில், கீழே முடிச்சோடு நறுக்கி, மேலே மூடி வைத்த ஒரு கணு நிற்கும். தண்ணீர் புகாது, தரையிலிருந்து உயரமாகவும் இருக்கும். மரத்தில் கட்டினால் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இந்த மாதிரி யோசிக்கத் தொடங்கிவிட்டால் ஒரு விஷயம் நடக்கும். ஒளிக்கிறவர் ஊரைப் பார்க்கத் தொடங்குவார். எந்தப் பொருள் எந்த மாதத்தில் எங்கே இருக்கும், யார் கை அதில் படும், தண்ணீர் எது வரை ஏறும் என்று தெரியாமல் நல்ல வேஷம் போட முடியாது. தேடுகிறவருக்குக் கிடைக்கிற பலன் கொஞ்ச நேரம்தான். வைக்கிறவருக்கு அது வருஷம் முழுக்க.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் மதகு, ஷட்டர் பக்கம் போகவே வேண்டாம். யாரோ ஒருவர் "இதுவும் டப்பாவோ"ன்னு திருகினால் ஒரு வயலின் தண்ணீர் போய்விடும். மோட்டார் கொட்டகை ஸ்விட்ச் பெட்டி மாதிரி டப்பா செய்ய வேண்டாம். தேடுகிறவர் அடுத்த முறை உண்மையான பெட்டிக்குள் கையை விடுவார், அது உயிருக்கே ஆபத்து. ஒயர், டேப் சுற்றிய டப்பா கண்டிப்பாக வேண்டாம். பார்க்கிறவர் போலீஸைக் கூப்பிட்டால் தப்பு அவர்மேல் இல்லை. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியே தீர வேண்டும். டப்பா எவ்வளவு வேஷம் போட்டாலும், அனுமதி வெளிப்படையாக இருக்கணும்.

கோயில்களில் டப்பாவே வேண்டாம். அதற்கு இந்த விளையாட்டிலேயே வேறு வழி உண்டு. டப்பா இல்லாமல், எண்களை மட்டும் கொடுத்து, அந்த இடத்துக்குப் போய்க் கூர்ந்து பார்த்தால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வியைக் கேட்பது. தாராசுரத்துக் காளையும் யானையும் அதற்கென்றே செதுக்கிய மாதிரி இருக்கு. எண்ணூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தக் கேள்வி பழசாகவில்லை.

கடைசியா ஒன்று. அடுத்த தடவை நீங்க தினமும் போகிற பாதையில், "எனக்குத்தான் தெரியுமே"ன்னு தாண்டிப் போகிற ஏதாவது ஒரு பொருளுக்கு முன்னால் பத்து நொடி நில்லுங்க. இது எதுக்கு இங்கே இருக்கு, இது அதுதானா என்று ஒரு கேள்வி கேளுங்க. பெரும்பாலும் அது வெறும் போல்ட்டாகத்தான் இருக்கும். ஆனா இந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால், சிவபுரத்தில் யாராவது ஒருவர் முதல் வருஷமே கேட்டிருப்பார்.

உங்க ஊரில், கண் முன்னாலேயே இருந்தும் யாரும் கவனிக்காத ஒன்று இருந்தால் எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.